பழைய கரண்டு காரில் பாம்பன் பாலம் தாண்டிய கதை

போன வைகாசியில் நானும் என் மகள் தேவகியும் திருவாடானையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு எங்கள் பழைய கரண்டு காரில் போய்வந்தோம். தினமும் எத்தனையோ வண்டி போகிற பாதை, இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வண்டி போனதில்லை. பதினோரு வருசமாக வீட்டில் நிற்கிறது, ஒரு தடவைகூடப் பாம்பன் பாலத்தைப் பார்த்ததில்லை. பழைய எலெக்ட்ரிக் கார் வைத்துக்கொண்டு, அடாப்டர் வாங்கலாமா, சார்ஜரை மாற்றலாமா, தூரப் பயணம் போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அஞ்சாப்போடு நின்றவள். ஆனால் ஒரு தடவை காதில் விழுந்தது என்னைவிட்டுப் போகாது. நல்லதும் போகாது, கெட்டதும் போகாது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவு, நாலு சீட்டு. என் வீட்டுக்காரர் கரண்டு ஆபீஸில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனதும் மதுரையில் ஒருத்தரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். "ஆயுசு முழுக்க அடுத்தவனுக்குக் கரண்டு குடுத்தேன், இப்ப நான் கொஞ்சம் ஓட்டிக்கிறேன்" என்றார். முழு சார்ஜ் போட்டால் எழுபது கிலோமீட்டர் ஓடும். ஆகவே போக முப்பத்தஞ்சு, வர முப்பத்தஞ்சு. எங்கள் ரெண்டு பேருக்கும் உலகம் அவ்வளவுதான். தொண்டிக்குப் போவோம். காரங்காட்டுக்குப் போவோம். அங்கே அலையாத்தி மரங்களுக்குப் பக்கத்தில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு புளிச்சோறு சாப்பிடுவோம். அவர் தெற்கே கையைக் காட்டி, "இப்படியே போனா ராமேஸ்வரம்" என்பார். நான் மீட்டரைக் காட்டுவேன். வண்டியைத் திருப்புவார். கட்டுத்தறி மாடு கயிறு நீளத்துக்கு மேய்கிற மாதிரிதான் சுற்றினோம், ஆனால் அந்த மேய்ச்சல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

வண்டி வாங்கிய வருசம் குலசாமி படைப்பு நடந்தது. பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவருடைய தம்பி முருகேசன், உச்சிப்புளியில் இருக்கிறார், என் கொழுந்தனார், அத்தனை பேர் முன்னால் வண்டியைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, இந்தப் பொம்மை வண்டி பாம்பன் பாலம் ஏறிருச்சுன்னா, பாலத்து மேல நான் தலைகீழா நடக்குறேன்." கூட்டமே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே சொல்லிவிட்டேன், உச்சிப்புளி வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அந்த வீட்டுப் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்று. மிதிக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. மூணு வருசத்துக்கு முந்தி இவர் தவறிப்போனபோது கொழுந்தனார் துட்டிக்கு வந்தார். அப்போதும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனி சார்ஜ் விசயம். வண்டியோடு வந்தது வீட்டுச் சுவரில் சொருகுகிற சாதாரண மூணு முனை பிளக்கு. மணிக்கணக்காகச் சொருகி வைத்ததில் சாக்கெட் சூடேறி உருகிப்போனது. இவர் அதை அறுத்துப்போட்டு, பேக்டரிகளில் இருக்குமே, தடியான நீல நிற மூணு முனை, அதைப் போட்டார். அதற்கேற்ற நீல சாக்கெட்டை வீட்டுச் சுவரிலும் வைத்தார். அதன்பிறகு உருகவே இல்லை. ஆனால் அந்த நீல முனை வேறு எந்த வீட்டிலும் சேராது.

அவர் போன பிறகு பேட்டரியும் தளர்ந்தது. நாப்பது கிலோமீட்டருக்குமேல் ஓடவில்லை. தேவகி பழைய இரும்புக்குப் போடலாம் என்றாள். நான் விடவில்லை. முதலில் அவள் ஆன்லைனில் ஒரு அடாப்டர் வாங்கினாள். பொதுச் சார்ஜ் இடங்களில், பெட்ரோல் பங்க் கன் மாதிரி தொங்குகிற டைப் டூ கன்னை ஒரு பக்கம் மாட்டி, இன்னொரு பக்கம் நம் பழைய ஒயரைச் சொருகலாம். சொருகிப் பார்த்தோம். ஏறியது, ஆனால் வீட்டில் ஏறுகிற அதே மந்த வேகம். அப்போதுதான் புரிந்தது, அடாப்டர் வண்டியின் வாயைத்தான் மாற்றும், வயிற்றை மாற்றாது. எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை வண்டிக்குள்ளே இருக்கிற சார்ஜர்தான் முடிவு செய்கிறது. அடாப்டர் வாங்கப் போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தேவகோட்டையில் சாகுல் என்று ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். பழைய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி, கூடவே பெரிய சார்ஜர், முன்பக்கம் ஒரு டைப் டூ வாய். முழு சார்ஜுக்கு நூறு கிலோமீட்டர். பெரிய சார்ஜரில் ரெண்டு ரெண்டரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். பழைய சார்ஜரையும் நீல முனை ஒயரையும் கழற்றிப் போடுகிறேன் என்றார்.

"அதுல கை வைக்காத தம்பி" என்றேன்.

"ஒரு வண்டிக்கு ரெண்டு வாயா அம்மா? எடமும் அடைக்கும், எடையும் கூடும்."

"எனக்கே ரெண்டு வாய்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. வண்டிக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

சாகுல் தலையில் அடித்துக்கொண்டு, ரெண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யாதபடி நடுவில் ஒரு மாற்று ஸ்விட்ச் வைத்துக் கொடுத்தார். வீட்டில் பழைய நீல சாக்கெட், வெளியே புது வாய். வெளியூரில் சாதாரண சுவர் சாக்கெட்டில் சொருகிப் புது வாயில் மாட்ட ஒரு கைச் சார்ஜர் விற்கிறது, பதினஞ்சாயிரம் என்றார். வீட்டில்தான் பழைய ஒயர் இருக்கிறதே என்று வாங்காமல் வந்துவிட்டோம். அந்தத் தப்பைப் பின்னால் அனுபவித்தோம்.

செலவெல்லாம் தேவகியுடையது. அவள் ஒரு கண்டிசன் போட்டாள். "ஆத்தா, நீ கேட்டபடி எல்லாம் செஞ்சாச்சு. ராமேஸ்வரம் போயிட்டுத் தன் சக்கரத்துல திரும்பி வந்துச்சுன்னா வண்டி நம்ம வீட்ல நிக்கும். வழியில லாரில ஏத்துற மாதிரி ஆச்சுன்னா, லாரி நேரா பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அழக்கூடாது."

"அழுகிறவளா நானு?" என்று கேட்டேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தேவகி ஓட்டினாள். நேராக ஆர்.எஸ். மங்கலம் வழியாகப் போனால் ராமநாதபுரம் சுமார் அம்பத்தஞ்சு கிலோமீட்டர். நான் காரங்காட்டு வழியாகத்தான் போகணும் என்றேன். தொண்டி போய்க் கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்தால் பதினஞ்சு கிலோமீட்டர் கூடுதல். தேவகி மீட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தொண்டி ரோட்டைப் பிடித்தாள். காரங்காட்டில் அதே இடத்தில் நிறுத்தினோம். இப்போது வனத்துறை படகுச் சவாரி எல்லாம் வந்துவிட்டது, சனி ஞாயிறில் கூட்டம். நாங்கள் போனது புதன்கிழமை, ஆளில்லை. புளிச்சோறு பொட்டலத்தைப் பிரித்தேன். ஓட்டுகிறவர் சீட்டில் தேவகி உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அவளும் அப்பனைப் போலவே கடுகை எல்லாம் ஓரமாக ஒதுக்கி வைக்கிறாள். சாப்பிட்டதும் தெற்கே பார்த்தேன். இந்தத் தடவை வண்டியைத் திருப்பவில்லை. தேவிபட்டினம் தாண்டினபோது, அவர் வராத ரோட்டில் நான் மட்டும் போகிறேனே என்று தோன்றியது. 

ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு ஓட்டலில் சார்ஜ் போடுவது எங்கள் திட்டம். போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால், மீட்டரில் முப்பது சதவீதம். அங்கே ரெண்டு மெசின். சின்னது ஏ.சி., நம் வீட்டுக் கரண்டு மாதிரி, அதில்தான் நம்முடைய டைப் டூ கன். அதன் திரை கருப்பாகக் கிடந்தது.

"அது ஓடி ஒரு வாரமாச்சும்மா" என்றார் வாட்ச்மேன். "பக்கத்துல பெருசு நல்லா ஓடுது, அதுல போடுங்க. அரை மணியில ரொம்பிரும்."

பெரியது டி.சி. மெசின். அதன் கன் தடியாக, கீழே ரெண்டு பெரிய ஓட்டையோடு இருக்கும். அங்கே சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த ஒரு டாக்சிக்காரர் நல்ல மனசோடுதான் வந்தார். "என்கிட்ட ஒரு அடாப்டர் கெடக்கு பெரியம்மா. மாட்டிப் பாப்பமா? சேர்ந்தா அதிர்ஷ்டம்."

"சேர்ந்தாத்தாம்பா பயமே" என்றேன். சாகுல் சொன்னது நெனவிருந்தது. எங்களுடையது நாப்பத்தெட்டு வோல்ட் வண்டி. பெரிய மெசின்கள் அவ்வளவு கீழே இறங்கிக் கரண்டு கொடுக்காது. கம்பெனிக்காரர்கள் இந்த வண்டிக்கு என்று சொல்லாத டி.சி. அடாப்டரை வாய் சேர்கிறது என்பதற்காக மாட்டக்கூடாது. டாக்சிக்காரர் கோவிக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், அது தனி.

முப்பது சதவீதம், முப்பது கிலோமீட்டர். வீடு திரும்ப முடியாது. ராமேஸ்வரமும் போக முடியாது. கைச் சார்ஜர் இருந்தால் அந்த ஓட்டல் சமையலறையில்கூடப் போட்டிருக்கலாம். டிக்கியில் இருந்தது நீல முனை ஒயர் மட்டும். தேவகி நாலு எலெக்ட்ரீசியனுக்குப் போன் பண்ணிப் பார்த்தாள், அன்றைக்கு அங்கே யாரும் வர முடியாது என்றார்கள். பிறகு போனை மடியில் வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"உச்சிப்புளி பதினெட்டு கிலோமீட்டர்தான்."

"மாட்டேன்."

"சித்தப்பா வீட்டுல ஒரு எலெக்ட்ரீசியனக் கூப்புட்டு முனைய மாத்திக்கிறலாம் ஆத்தா."

"அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு சொல்லிருக்கேன்."

"அப்பச் சரி. லாரிக்குப் போன் போடுறேன்."

போட்டும்விட்டாள். மணி அடிக்கிறது என் காதில் விழுகிறது. நான் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்தேன். "வாசல்ல நிப்பாட்டு. நான் வண்டியவிட்டு எறங்க மாட்டேன்" என்றேன்.

தேவகி சித்தப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "எங்க ஒயரு உங்க வீட்டுல சேராது சித்தப்பா. தடியா, நீலக் கலர் முனை. ஒரு எலெக்ட்ரீசியனச் சொல்லி வையிங்க."

"நீலமா?" என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு, "சேரும் தாயி. வாங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வண்டிக்குள் குளிருக்கு ஏ.சி. போடவில்லை. நாப்பதுக்கு மேல் ஓட்டவில்லை. வைகாசி மாசத்துக் காற்று எதிரே அடித்து வண்டியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் காற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பதினெட்டு கிலோமீட்டருக்கு இருபத்தொரு சதவீதத்தைக் காற்று தின்றுவிட்டது. உச்சிப்புளியில் பனைமரங்களுக்கு நடுவே அந்த வீட்டு முன்னால் நின்றபோது மீட்டரில் ஒன்பது.

கொழுந்தனார் கேட் ஓரம் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்க மதினி" என்றார். நான் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் தேவகியைக் கூப்பிட்டுக் காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கத்தைக் காட்டினார். ரோட்டைப் பார்த்து ஒரு தகர மூடி. எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. அவர் மூடியைத் தூக்கினார். உள்ளே நீல சாக்கெட்.

நான் இறங்கிவிட்டேன். எப்போது கதவைத் திறந்தேன் என்று தெரியாது.

மூடிக்கு அடியில் சைக்கிள் டியூப்பை நறுக்கி வளையமாக ஒட்டியிருந்தது, உப்புக்காற்று உள்ளே போகாமல். எங்கள் வீட்டில் இருப்பது மாதிரியே. எர்த் ஒயரைக் கொண்டிமேல் மூணு சுற்று சுற்றி, நுனியை உள்பக்கம் மடக்கியிருந்தது. ஊரில் வேறு யாரும் அப்படி மடக்க மாட்டார்கள். தகரத்துக்குக் கிளிப்பச்சைப் பெயின்ட். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த டப்பாவைத் தேடி நான் ஒரு வாரம் வீட்டைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். ஒட்டடை அடிக்க வந்தவள்மேல்கூடச் சந்தேகப்பட்டேன்.

"இது யாரு வச்சதுன்னு உங்க சித்தப்பாவக் கேளு" என்றேன் தேவகியிடம்.

"அண்ணன்தான் மதினி" என்றார் அவர். "படைப்பு முடிஞ்ச மறு மாசமே பஸ்ஸுல வந்தாரு. பையில எல்லாச் சாமானும் கொண்டாந்தாரு. நானும் கூடப் புடிக்கிறேன்னேன், ஒன்னையத் தொடவிட்டா வீடு எரிஞ்சு போகும்னு வஞ்சாரு. பூராம் முடிச்சு, சோறு தின்னுட்டு, பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலைன்னு கேளு."

"என்னையும் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அவரு போனப்பறம் சொல்லலாம்னு வந்தேன். நீங்க எங்க பேச விட்டீக?"

தேவகி ஒயரை எடுத்துச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. பதினோரு வருசமாக உப்புக்காற்றில் கிடந்த சாக்கெட், முனையில் ஒரு பொட்டுத் துரு இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

"வாஸ்லின் களிம்பு மதினி. மாசம் ஒருக்கா தடவுன்னு சொல்லிட்டுப் போனாரு. தடவுறேன்."

"அவரு போயி மூணு வருசமாச்சே" என்றேன். பதினோரு வருசத்தில் அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நிப்பாட்டச் சொல்லலையே" என்றார்.

அதற்குமேல் ரோட்டில் நிற்க முடியவில்லை. உள்ளே போனேன். நொங்கு வெட்டிக் கொடுத்தார். பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தேன், நொங்கு கணக்கில் வராது. நாலு தின்றேன். பழைய சார்ஜர் மெதுவாகத்தான் ஏற்றியது, எழுபது சதவீதத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த மூணு மணி நேரமும் அவர் அண்ணனைப் பற்றியே பேசினார். எனக்குத் தெரியாத சின்ன வயசுக் கதைகள். இவர் பனையில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது, பிறகு அதே ஆள் கரண்டுக் கம்பத்தில் ஏறுகிற உத்தியோகத்துக்குப் போனது. இத்தனை வருசம் குடும்பம் நடத்தினவளுக்கு இது ஒன்றும் தெரியவில்லை பாருங்கள்.

கிளம்பும்போது கேட்டேன், "இத வச்சப்ப அவரு வேற என்ன சொன்னாரு?"

கொழுந்தனார் தேவகியைப் பார்த்துச் சிரித்தார். "சொன்னா வைவீக."

"சொல்லாட்டியும் வைவேன்."

"‘ஏலே, உன் மதினி ஒருநா இங்க வருவா. கோவம் தீர்ந்து வரமாட்டா. சார்ஜு தீர்ந்துதான் வருவா. அன்னைக்கு இது வேலை செய்யணும்’னாரு."

நான் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அன்றைக்கு ரொம்ப அதிகம். பிறகு வண்டியின் பின்சீட்டைக் காட்டினேன். "ஏறுங்க தம்பி."

"நானா? எங்க?"

"பாலத்துக்கு. வாக்குக் குடுத்தது ஞாபகம் இல்லையா?"

சாயங்காலம் நாலரை மணிக்கு மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலம் ஏறினோம். பாலம் நடுவில் உயர்ந்து இருக்கும். ரெண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் ரயில் பாலம். காற்று வண்டியை ஓரமாகத் தள்ளியது, தேவகி ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஏறும்போது மீட்டர் ஒன்று குறைந்தது. உச்சிக்கு வந்து இறங்கினபோது எண் அப்படியே நின்றது. இறக்கத்தில் வண்டி தனக்குத்தானே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்.  ஓட்டுகிற சீட்டில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணை எனக்குக் காட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

பாலத்தின் மறு கரையில் நான் திரும்பிப் பார்த்துச் சொன்னேன், "நிப்பாட்டச் சொல்லவா? தலைகீழா நடக்கணுமே."

"முழங்காலு ஆபரேசன் பண்ணிருக்கு மதினி."

"தலைகீழா நடக்க முழங்கால் எதுக்கு? கைதான வேணும்."

தேவகி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

அன்று ராமேஸ்வரத்தில் சார்ஜ் வசதி உள்ள ஒரு லாட்ஜில் தங்கினோம். அங்கே டைப் டூ கன் நல்லபடியாக ஓடியது. புது வாயில் போட்டோம். சாப்பிட்டு வருவதற்குள், ரெண்டு மணி நேரத்தில், நிறைந்துவிட்டது. செய்த மராமத்துக்கு அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. மறுநாள் தனுஷ்கோடி போய்விட்டுத் திரும்பினோம். கொழுந்தனாரை வீட்டில் இறக்கிவிட்டு, அதே நீல சாக்கெட்டில் மறுபடி போட்டுக்கொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு வண்டி தன் சக்கரத்திலேயே திருவாடானை வந்து சேர்ந்தது. தேவகி சாவியைப் பழைய ஆணியில் மாட்டினாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அடாப்டர் வாங்குமுன் உங்கள் வண்டி எத்தனை வோல்ட், உள்சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சார்ஜரையும் பேட்டரியையும் மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள், இன்சூரன்சிலும் சொல்லிவிடுங்கள். போகிற இடத்துக்கு முதல்நாளே போன் பண்ணி, ஏ.சி. கன் ஓடுகிறதா என்று ஆளிடம் கேளுங்கள், செல்போன் ஆப் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கைச் சார்ஜரை மிச்சம் பிடிக்காதீர்கள், நாங்கள் ஊர் திரும்பியதும் வாங்கிவிட்டோம். கடல் ஓரம் சாக்கெட் வைத்தால் மூடி போட்டு வாஸ்லின் தடவுங்கள். பழைய ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொழுந்தனாரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தனை பேர் முன்னால் சிரித்தது சிரித்ததுதான், தலைகீழாக நடக்கிற பாக்கியும் அப்படியே இருக்கிறது. எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப் போனவரிடம் கேட்கவேண்டியதும் தனியாக இருக்கிறது. திரும்பும்போது உச்சிப்புளியில் ஒயரைக் கழற்றியதும், வாஸ்லின் டப்பாவைக் கொழுந்தனார் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டேன். அந்த மாசத்துக்கு நான் தடவிவிட்டு, மூடியை அழுத்திச் சாத்திவிட்டு வந்தேன்.